கறுப்பினக் கலையும் அரசியல் எதிர்ப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓவியம் படிக்கும் மாணவர்கள், கூட்டங்களுக்குத் தட்டி எழுதுகிறவர்கள், சும்மா ஆர்வத்தில் கேட்கிறவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. எல்லா நாட்டையும் தொட இடமில்லை. எனக்கு முக்கியமென்று பட்ட இடங்களில் கூடுதலாக நின்றிருக்கிறேன்.

‘பிளாக் ஆர்ட்ஸ் மூவ்மென்ட்’ என்கிறார்களே, அது ஒரே இயக்கமா?

இல்லை. அதே பெயர் இரண்டு நாடுகளில், இரண்டு காலங்களில் வருகிறது. அமெரிக்காவில் 1965 தொடங்கி ஏறக்குறைய பத்தாண்டுகள், பிரிட்டனில் 1980கள். பிரேசிலிலும் தென்னாப்பிரிக்காவிலும் இதே வேலை வேறு பெயர்களில் நடந்தது. தலைமை அலுவலகமோ பொது அறிக்கையோ கிடையாது.

ஆனால் ஆட்கள் ஊர் ஊராகப் போனார்கள். தென்னாப்பிரிக்கக் கவிஞர் கியொரபெட்சே கோசிட்சிலே 1960களில் அமெரிக்காவில் அகதியாக இருந்தார். 1968இல் நியூயார்க்கின் கறுப்பர் பகுதியான ஹார்லெமில் தொடங்கிய ‘லாஸ்ட் போயட்ஸ்’ குழுவின் பெயர் அவருடைய கவிதையிலிருந்து எடுத்ததுதான். ராப் பாட்டின் முன்னோடிகளில் ஒன்றாக அந்தக் குழுவைச் சொல்வார்கள். அதே கோசிட்சிலே பிறகு போட்ஸ்வானாவுக்கு வந்து, கீழே நான் சொல்லப்போகும் மெடு குழுவில் சேர்ந்தார்.

1960களுக்கு முன்னால் ஒன்றும் இல்லையா?

நிறைய இருந்தது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1930களில் பாரிஸில் படித்த மூன்று பேர், மார்ட்டினிக் தீவின் எமெ செசேர், செனகலின் செங்கோர், பிரெஞ்சு கயானாவின் தமாஸ், சேர்ந்து வளர்த்தது நெக்ரிட்யூட் என்ற சிந்தனை. ஐரோப்பியனாக மாறினால்தான் மனிதன் என்ற காலனியப் பாடத்துக்கு அது மறுப்பு.

செசேர் ஊர் திரும்பி, மனைவி சுசான் செசேருடனும் நண்பர்களுடனும் 1941இல் ‘ட்ரோபிக்’ என்ற இதழைத் தொடங்கினார். தீவு அப்போது ஹிட்லருக்குப் பணிந்துபோன விஷி பிரெஞ்சு ஆட்சியின் கையில் இருந்தது. நாட்டார் வழக்காறு, செடிகொடி என்று வெளிப்பார்வைக்குச் சாதுவாக இதழை நடத்தினார்கள். 1943இல் தணிக்கை அதிகாரிக்கு விஷயம் பிடிபட்டது. இதழ் போட வேண்டிய தாளுக்கு அனுமதி மறுத்து, இனவாதிகள் என்று குற்றமும் சாட்டினார். வந்த பதில் சூடாக இருந்தது: ஆமாம், நாங்கள் இனவாதிகள்தான், ஹிட்லரின் இனவாதத்துக்கு எதிராக ஹெய்ட்டியின் விடுதலைத் தலைவன் தூசான் லூவர்த்யூரின் இனவாதம் எங்களுடையது என்ற பொருளில் எழுதி, அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

தாளை நிறுத்தினால் இதழ் நின்றுவிடும் என்று அந்த அதிகாரிக்குத் தெரிந்திருந்தது. கறுப்பினக் கலை வரலாற்றில் தாளும் மையும் சுவரும் படத்தின் அளவுக்கே முக்கியம். கலை விமர்சகர்கள் பலர் இதைச் சொல்லாமலே தாண்டிவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் ஏன் குறிப்பாக 1965?

அந்த ஆண்டு பிப்ரவரி 21 அன்று கறுப்பர் விடுதலைத் தலைவர் மால்கம் எக்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். நியூயார்க்கின் வெள்ளை இலக்கிய வட்டத்தில் பெயர் வாங்கியிருந்த கவிஞர் லீராய் ஜோன்ஸ் (பின்னாளில் அமிரி பராகா) அந்த வட்டத்தை விட்டு ஹார்லெமுக்குக் குடிபோய், ஒரு நாடகப் பள்ளி தொடங்கினார். தெருமுனைகளில் நாடகம் போட்டார்கள். வறுமை ஒழிப்புத் திட்டத்துக்கு அரசு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதி இதற்குப் போனது தெரிந்ததும் அரசியல்வாதிகள் கொதித்தார்கள். பள்ளி நீடிக்கவில்லை. அதைப் பார்த்து மற்ற நகரங்களில் முளைத்தவை நீடித்தன.

பராகாவைப் பற்றி ஒன்றையும் மறைக்க வேண்டாம். அக்காலத்தில் அவர் எழுதியவற்றில் யூத வெறுப்பு அப்பட்டமாக இருந்தது. பிற்பாடு அவரே அதைத் தவறென்று எழுதினார். பெண்களைப் பற்றிய பார்வையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

சிகாகோவின் ‘வால் ஆஃப் ரெஸ்பெக்ட்’ பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

1967 ஆகஸ்ட். சிகாகோவின் தென்பகுதியில், 43வது தெருவும் லாங்லி அவென்யூவும் சேரும் முனையில், பாழடைந்த ஒரு கட்டடத்தின் பக்கச்சுவர். ‘ஒபாசி’ என்ற கறுப்பினக் கலைஞர் அமைப்பைச் சேர்ந்தவர்கள் சாரம் கட்டி ஏறினார்கள். அனுமதி கேட்டது எங்கோ இருந்த கட்டட உரிமையாளரிடம் அல்ல, தெருவில் இருந்தவர்களிடம்.

யாரை வரைவது என்பதில்தான் அரசியல். முகமது அலி, மால்கம் எக்ஸ், நீனா சிமோன், ஜான் கோல்ட்ரேன், கவிஞர் க்வெண்டலின் புரூக்ஸ் என்று விளையாட்டு, இசை, இலக்கியம் வாரியாகச் சுவரைப் பிரித்துக்கொண்டார்கள். புகைப்படக்காரர்கள் தங்கள் படங்களையும் சுவரில் பொருத்தினார்கள். மார்ட்டின் லூதர் கிங் சுவரில் இல்லை. அவர் அப்போது உயிரோடிருந்தார், உலகப் புகழோடும் இருந்தார். அவர் மிதவாதி என்று விட்டுவிட்டார்கள்.

சுவர் உடனே கூடுமிடம் ஆகிவிட்டது. அங்கே கவிதை வாசித்தார்கள், கூட்டம் போட்டார்கள். கலைஞர்களுக்குள் சண்டையும் வந்தது. ஒருவர் வரைந்த பகுதிக்கு வெள்ளையடித்து, இன்னொருவர் அதன்மேல் புதிதாக வரைந்தார். 1971இல் கட்டடத்தில் தீப்பிடித்தது, பிறகு இடித்துத் தள்ளினார்கள். அதற்குள் டெட்ராய்ட் முதலான நகரங்களில் இதைப் பார்த்துச் சுவர்கள் கிளம்பிவிட்டன.

இதில் பங்கெடுத்த சிலர் 1968இல் ‘ஆஃப்ரிகோப்ரா’ குழுவைத் தொடங்கினார்கள். கண்ணைப் பறிக்கும் நிறங்கள், படத்துக்குள்ளேயே எழுத்து, சாமானியன் வாங்கும் விலையில் ஸ்கிரீன் பிரிண்ட். அது அவர்கள் பாணி.

பிளாக் பாந்தர் கட்சிப் பத்திரிகையின் படங்கள் யார் வரைந்தவை?

பெரும்பாலும் எமரி டக்ளஸ். கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் தோன்றிய அந்தக் கறுப்பினப் புரட்சிக் கட்சி அவருக்குக் கொடுத்த பதவி ‘கலாச்சார அமைச்சர்’. 1943இல் பிறந்தவர். சிறுவயதில் கலிபோர்னியாவில் சிறார் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டு, அங்கே அச்சுக்கூடத்தில் வேலை பழகினார். பிறகு சான் பிரான்சிஸ்கோவில் விளம்பரக் கலை படித்தார். எது அச்சில் ஏறும், எது அப்பிக்கொள்ளும் என்று தெரிந்த ஆள்.

பத்திரிகையின் முதல் இதழ் 1967 ஏப்ரலில் வந்தது. டென்சில் டவெல் என்ற கறுப்பு இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்றதுதான் அதன் தலைப்புச் செய்தி. நல்ல ஆண்டுகளில் வாரம் ஒரு லட்சம் பிரதிக்கு மேல் போனது. விலை 25 சென்ட். கட்சிக்காரர்கள் தெருவில் கையில் வைத்து விற்றார்கள்.

கறுப்பு மையோடு இன்னொரு நிறம் மட்டும் போடக் காசு இருந்தது. அந்த ஒரு நிறத்தை டக்ளஸ் எப்படிக் கையாள்கிறார் என்று பாருங்கள்: பக்கம் முழுக்க ஒரே ஆரஞ்சு அல்லது பச்சை, அதன்மேல் மரச்செதுக்கு போலத் தடித்த கோடுகள். மலிவான தாளில் மெல்லிய கோடு நிற்காது. தடித்த கோடு நிற்கும். போலீஸ்காரனைப் பன்றியாக வரையும் வழக்கத்தையும் அவர் நிலைநாட்டினார். தொடக்கத்தில் அந்தப் பன்றியின் சட்டையில், அந்த வாரம் மக்களைத் தொல்லைப்படுத்திய காவலரின் பேட்ஜ் எண்ணையே போட்டார்கள். ஊர்க்காரனுக்குப் பெயர் சொல்லாமலே ஆள் தெரிந்துவிடும்.

துப்பாக்கிப் படங்களை மட்டும் வைத்து அவரை எடை போடுவது சரியில்லை. எலி ஓடும் வாடகை வீடு, கூப்பனோடு நிற்கும் பாட்டி, பள்ளிக்குப் போகும் முன் காலை உணவு சாப்பிடும் பிள்ளை என்று அவர் வரைந்தவை ஏராளம். 1969 ஜனவரியில் கட்சி இலவசக் காலை உணவுத் திட்டம் தொடங்கியபின் இந்த வகைப் படங்கள் கூடின. கடைசிப் பக்கம் முழுக்க ஒரு போஸ்டர். பத்திரிகையைப் படித்துவிட்டு அதைக் கிழித்துச் சுவரில் ஒட்டலாம். கியூபாவின் ‘ஒஸ்பால்’ அமைப்பு அவர் படங்களை எடுத்துத் தன் போஸ்டர்களில் போட்டு உலகம் முழுக்க அனுப்பியது.

மியூசியங்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தன?

1969 ஜனவரியில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் ஹார்லெமைப் பற்றி ஒரு பெரிய கண்காட்சி வைத்தது. ஊதிப் பெரிதாக்கிய புகைப்படங்கள், ஒலிபெருக்கியில் தெருச் சத்தம். ஹார்லெம் ஓவியர் ஒருவருடைய ஓவியம்கூட இல்லை. ரோமரி பியர்டன் முதலிய ஓவியர்கள் அதே ஊரில் உயிரோடு வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஓவியர் பென்னி ஆண்ட்ரூஸும் மற்றவர்களும் வாசலில் தட்டி பிடித்து நின்றார்கள். அந்த மறியலிலிருந்து உருவான கூட்டமைப்பு பிறகு விட்னி மியூசியத்தையும் விடவில்லை.

பெண்கள் எங்கே?

எல்லா இடத்திலும் இருந்தார்கள். பெயர்ப் பட்டியலில்தான் விடுபட்டார்கள்.

எலிசபெத் கேட்லட் 1946இல் மெக்சிகோ போய், அங்கேயுள்ள மக்கள் அச்சுக்கூடத்தில் சேர்ந்து, லினோலியத்தில் செதுக்கி அச்சிட்டார். வயலில் கூலிக்கு உழைக்கும் கறுப்புப் பெண்ணின் முகம் அவர் கையில் எத்தனையோ முறை வந்திருக்கிறது. 1962இல் மெக்சிகோ குடியுரிமை எடுத்ததும் அமெரிக்கா அவரை விரும்பத்தகாத அந்நியர் என்று அறிவித்துப் பல ஆண்டுகள் விசா மறுத்தது. அவர் போக முடியவில்லை. அவருடைய அச்சுகள் போயின.

ஃபெயித் ரிங்கோல்ட் 1970இல் தேசியக் கொடியை வைத்து நடத்திய கண்காட்சிக்காகக் கைதானார். பெட்டி சார் 1972இல் ஒரு சின்னப் பெட்டிக்குள் செய்ததைப் படத்திலாவது பார்த்துவிடுங்கள். பான்கேக் மாவு டப்பாவில் சிரிக்கும் கறுப்பு வேலைக்காரி ‘ஆன்ட் ஜெமைமா’ பொம்மை. ஒரு கையில் துடைப்பம், இன்னொரு கையில் துப்பாக்கி. பின்னால் அதே டப்பாவின் லேபிள் வரிசை வரிசையாக. கடைச் சரக்கை எடுத்தே கடைக்காரனைத் திருப்பி அடித்திருக்கிறார். அந்த நிறுவனம் பெயரை மாற்ற ஐம்பது ஆண்டு ஆயிற்று. 2020இல்தான் மாற்றப்போவதாக அறிவித்தது.

பிரிட்டனிலும் இதே கதை. 1982 அக்டோபரில் உல்வர்ஹாம்டனில் நடந்த முதல் தேசியக் கறுப்பினக் கலை மாநாட்டில் ஓவியர் கிளாடெட் ஜான்சன் கறுப்புப் பெண்ணின் உருவம் ஓவியத்தில் படும் பாட்டைப் பேசியபோது ஆண்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. பெண்கள் எழுந்து வேறு அறையில் கூடிப் பேச்சைத் தொடர்ந்தார்கள். மூன்று ஆண்டுக்குப்பின் லுபைனா ஹிமிட் பதினொரு பெண்களின் படைப்புகளைச் சேர்த்து லண்டன் ஐசிஏ அரங்கில் காட்சி வைத்தார். அவர்களுக்குக் கிடைத்த இடம் நடைபாதைச் சுவர்.

பிரேசிலில் நிறபேதமே இல்லை என்று சொல்லிக்கொண்டார்களே?

அந்தப் பேச்சை உடைப்பதுதான் அங்கே கலைஞர்களின் முதல் வேலையாக இருந்தது. அப்தியாஸ் டோ நாசிமென்டோ 1941இல் பெருவின் லீமா நகரில் யூஜின் ஓ’நீலின் நாடகம் ஒன்றைப் பார்த்தார். கதாநாயகன் கறுப்பன்; நடித்தவர் முகத்தில் கரி பூசிய வெள்ளையர். அந்த எரிச்சலோடு ஊர் திரும்பி 1944இல் ரியோவில் ‘கறுப்பர் சோதனை நாடகக் குழு’வைத் தொடங்கினார். வீட்டு வேலை செய்யும் பெண்களும் கூலித் தொழிலாளிகளும் நடிகர்கள். வசனம் படிக்க எழுத்து தெரிய வேண்டுமே, அதனால் எழுத்தறிவு வகுப்பும் நடந்தது. 1945 மே 8, ஐரோப்பாவில் போர் முடிந்த அதே நாள், ரியோ முனிசிபல் தியேட்டரில் அதே நாடகத்தை மேடையேற்றினார்கள். ஓ’நீல் உரிமைத்தொகை வாங்கவில்லை.

ராணுவ ஆட்சிக் காலத்தில், 1968இல் அப்தியாஸ் அமெரிக்கா போய் அங்கேயே பல ஆண்டு தங்க நேர்ந்தது. ஆங்கிலம் சரியாக வராததால் ஓவியத்தில் இறங்கினார் என்பார்கள். நாடு திரும்பியபின் நாடாளுமன்றத்துக்கும் போனார்.

1974இல் சால்வடோர் நகரின் லிபர்டாடே பகுதியில் ‘இலே அயே’ என்ற கார்னிவல் குழு தொடங்கியது. கறுப்பர்கள் மட்டுமே சேரலாம் என்றது. அடுத்த ஆண்டு அவர்கள் தாளம் கொட்டி வந்ததும் உள்ளூர்ப் பத்திரிகை இனவாதக் கும்பல் என்று எழுதியது. கறுப்பர்களைச் சேர்க்காத பணக்காரக் குழுக்கள் அதே தெருவில் அதுவரை ஆடிக்கொண்டிருந்தது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

அரசே நடத்திய கறுப்பினக் கலை விழாக்கள்?

1966இல் டாக்கரில், அப்போது செனகல் அதிபராக இருந்த செங்கோர் நடத்தியது, 1969இல் அல்ஜியர்ஸில் நடந்தது, 1977இல் லாகோஸில் எண்ணெய்ப் பணத்தில் நடந்த ஃபெஸ்டாக். மூன்றும் முக்கியம். ஃபெஸ்டாக்கின் சின்னம், இடியா ராணியின் முகத்தை யானைத் தந்தத்தில் செதுக்கிய 16ஆம் நூற்றாண்டு முகமூடி. 1897இல் பிரிட்டிஷ் படை, இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் அரசைச் சூறையாடி எடுத்துப்போனது. விழாவுக்கு இரவல் கேட்டபோது பிரிட்டிஷ் மியூசியம் தர மறுத்தது. பெனின் நகரச் சிற்பிகள் நகல் செதுக்கினார்கள்.

விழா பிப்ரவரி 12இல் முடிந்தது. அதைப் புறக்கணித்து, ராணுவ ஆட்சியைக் கிண்டலடித்துப் பாடிய ஃபேலா குட்டியின் வீட்டை பிப்ரவரி 18 அன்று படைவீரர்கள் சூழ்ந்து தீவைத்தார்கள். அவருடைய தாயார், நைஜீரியப் பெண்கள் இயக்கத்தின் மூத்த தலைவர் ஃபுன்மிலாயோ, மாடி ஜன்னலிலிருந்து தூக்கி எறியப்பட்டார். மறு ஆண்டு இறந்தார். அந்த வீடு எரிந்தபோது விழா முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

தென்னாப்பிரிக்காவின் மெடு குழு என்பது என்ன?

1979 வாக்கில், தென்னாப்பிரிக்க எல்லைக்கு மிக அருகே, போட்ஸ்வானாவின் கபரோனே நகரில் நாடுகடந்த கலைஞர்கள் தொடங்கியது. செபெடி மொழியில் மெடு என்றால் வேர்கள். இசை, நாடகம், புகைப்படம், அச்சு என்று தனித்தனிப் பிரிவுகள். கலைஞர் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளாமல் ‘பண்பாட்டுத் தொழிலாளர்’ என்றே சொல்லிக்கொண்டார்கள்.

போஸ்டர் அச்சிடுவது கபரோனேயில், ஒட்ட வேண்டியது எல்லைக்கு அப்பால். கடத்திக்கொண்டு போக வேண்டும், அகப்பட்டால் சிறை. 1982 ஜூலையில் ‘பண்பாடும் எதிர்ப்பும்’ என்ற விழா நடத்தினார்கள். தென்னாப்பிரிக்காவுக்குள்ளிருந்து வந்தவர்கள் ஊர் திரும்பி, ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப் டவுனிலும் போஸ்டர் பட்டறைகள் தொடங்கினார்கள். 1980களில் சங்கங்களும் மாணவர்களும் ஒட்டிய போஸ்டர்களில் பெரும்பகுதி இப்படிப்பட்ட பட்டறைகளிலிருந்து வந்தவை.

குழுவின் முக்கிய ஓவியர் தாமி ம்னியேலே, 1948இல் ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்சாண்ட்ரா குடியிருப்பில் பிறந்தவர். 1985 ஜூன் 14 அதிகாலை தென்னாப்பிரிக்கப் படை எல்லை தாண்டி கபரோனே வீடுகளுக்குள் புகுந்து பன்னிரண்டு பேரைக் கொன்றது. ம்னியேலே அவர்களில் ஒருவர். அவர் வீட்டிலிருந்து எடுத்துப்போன ஓவியங்களைத் தொலைக்காட்சியில் காட்டி, பயங்கரவாதத்துக்குச் சான்று என்றார்கள். மெடு அதோடு கலைந்தது.

இதெல்லாம் பிரசாரம்தானே, கலையா?

இந்தக் கேள்வியை எதிரிகளைவிட இயக்கத்துக்குள் இருந்தவர்களே கூர்மையாகக் கேட்டிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின் வெடிகுண்டில் ஒரு கையையும் ஒரு கண்ணின் பார்வையையும் இழந்த வழக்கறிஞர் ஆல்பி சாக்ஸ், 1989இல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸுக்குள் ஒரு கட்டுரை வாசித்தார். ‘பண்பாடு போராட்டத்தின் ஆயுதம்’ என்று சொல்வதை ஐந்து ஆண்டுக்குத் தடை செய்யலாம் என்று அரைவிளையாட்டாக முன்மொழிந்தார். முஷ்டியும் துப்பாக்கியும் வரைந்தால் போதும், பாராட்டு நிச்சயம் என்று ஆகிவிட்டது; காதலும் குழப்பமும் எங்கே போயின என்பது அவர் கேள்வி. பலர் கோபப்பட்டார்கள்.

என் கட்சி பாதி சாக்ஸ் பக்கம். சலிப்பூட்டும் முஷ்டிகள் நிறையவே உண்டு. ஆனால் டக்ளஸின் பாட்டிகளையும் கேட்லட்டின் கூலிப் பெண்களையும் பார்த்தவர் இந்தக் கேள்வியை அவர்கள்மேல் போட மாட்டார்.

பிரிட்டனில் ஆசியர்களையும் ‘கறுப்பர்’ என்றார்களாமே?

ஆமாம். 1970, 80களில் அது அரசியல் அடையாளம்: காலனியிலிருந்து வந்து அதே இனவெறியைச் சந்திக்கிற எல்லோரும். இதைக் கோட்பாடாக வளர்த்தவர்களில் முதன்மையானவர் ஒரு தமிழர், அ. சிவானந்தன். இலங்கையில் 1958 கலவரத்துக்குப்பின் லண்டன் போனவர். அங்கே நாட்டிங் ஹில்லில் கறுப்பர்கள்மேல் வெள்ளையர் கும்பல்கள் நடத்திய தாக்குதல்களைப் பார்த்தார். 1973இலிருந்து இன உறவுகள் நிறுவனத்தை நடத்தினார். ‘நீங்கள் அங்கே வந்ததால்தான் நாங்கள் இங்கே இருக்கிறோம்’ என்ற அவருடைய வாசகம் இன்றும் ஊர்வலங்களில் வரும்.

அந்தக் குடையின்கீழ்தான் சாந்திநிகேதனில் பிறந்த சுதபா பிஸ்வாஸ், வீட்டு அரிவாளோடு நிற்கும் நவீனக் காளியை வரைந்து ஹிமிட்டின் காட்சியில் இடம்பெற்றார். கராச்சியில் பிறந்த ரஷீத் அரயீன் 1989இல் ஹேவர்ட் கேலரியில் ஆப்பிரிக்க, கரீபிய, ஆசியக் கலைஞர்கள் 24 பேரைச் சேர்த்துக் காட்டினார். சிற்பி அனிஷ் கபூர் சேர மறுத்தார். அடையாளத்தின் பெயரில் அடைபட விரும்பாதவர்கள் அப்போதே இருந்தார்கள். பிறகு அந்தக் குடை மெல்ல மடங்கிவிட்டது. ஆப்பிரிக்க, கரீபிய வழிவந்தவர்களே பலர் அதை ஏற்கவில்லை.

இந்தியாவோடு நேரடித் தொடர்பு உண்டா?

உண்டு. 1972இல் மும்பையில் நாம்தேவ் தசால், ஜே.வி. பவார் முதலானவர்கள் தொடங்கிய தலித் பாந்தர் அமைப்பு பெயரையே ஓக்லாந்தின் பிளாக் பாந்தர் கட்சியிலிருந்து எடுத்தது. தொடங்கியவர்கள் கவிஞர்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. அந்த வழியில்தான் மதுரையிலும் அமைப்பு உருவாகி, விடுதலைச் சிறுத்தைகள் என்று வளர்ந்தது. இசையில், 2018இல் சென்னையில் மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவையும் பறையையும் ராப்போடு சேர்த்தது.

இவற்றை இப்போது எங்கே பார்க்கலாம்?

அன்று கதவடைத்த மியூசியங்களிலேயே. ஹிமிட் 2017இல் பிரிட்டனின் பெரிய கலை விருதான டர்னர் பரிசு வாங்கினார். அதே நடைபாதைக் காட்சியில் இருந்த சோனியா பாய்ஸ் 2022இல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் தங்கச் சிங்கம் விருது பெற்றார். அங்கீகாரம் நல்லதுதான். ஆனால் 25 சென்ட் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் பார்க்கும்போது, அது எந்தச் சுவரில் ஒட்டியிருந்தது என்று பக்கத்துக் குறிப்பு சொல்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் அளவும் ஆண்டும் மட்டும் இருக்கும்.

வீட்டிலிருந்தே பார்க்க, மெடு போஸ்டர்களுக்குச் சிகாகோ கலை நிறுவனத்தின் இணையத் தொகுப்பு நல்லது. 2019இல் அவர்கள் அதற்கென்றே பெரிய காட்சி வைத்தார்கள். தென்னாப்பிரிக்க வரலாற்றுக் காப்பகத்திலும் எதிர்ப்புப் போஸ்டர்கள் ஏராளம் உண்டு. அப்தியாஸின் ஓவியங்களும் ஆவணங்களும் அவர் தொடங்கிய, ரியோவில் உள்ள இபேயாஃப்ரோ நிறுவனத்திடம் இருக்கின்றன. சிகாகோ சுவருக்குப் புகைப்படங்கள்தான் கதி.